குலுங்கும் விமானத்தில் நின்று வேலை செய்பவர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விமானம் குலுங்கினால் பயணிகளைவிடப் பணியாளர்களுக்கே பலத்த அடி படுகிறதாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்குப்படி 2009 முதல் 2022 வரை குலுக்கலால் படுகாயமடைந்தவர்கள் 163 பேர். அவர்களில் 129 பேர் விமானப் பணியாளர்கள். பயணி பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார், பணியாளர் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் ஒரு பயணி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அன்று விமானம் இறங்கியது 4.6 நொடியில் வெறும் 178 அடி. உயரம் அல்ல, சட்டென்று மாறும் வேகம்தான் ஆளை அடிக்கிறது. விமானம் சட்டென்று கீழே பாயும்போது பெல்ட் இல்லாதவர் கூடவே பாய்வதில்லை. கூரை வந்து தலையில் இடிக்கிறது. மறுநொடி தரை எழும்பி வந்து காலில் மோதுகிறது. கணுக்கால் முறிவதும், முதுகெலும்பு நசுங்குவதும் இப்படித்தான். அதிகம் ஆடுவது வால்பக்கம். விமானச் சமையலறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: ரேடாரில் முன்கூட்டியே தெரியாதா?

பதில்: மழைமேகம் தெரியும். விமான ரேடார் நீர்த்துளிகளைத்தான் பார்க்கிறது. மேகமே இல்லாத வானில் வரும் காற்றுக் கொந்தளிப்பு அதன் கண்ணில் படாது. வட அட்லாண்டிக் மேல் இந்த வகையில் கடுமையானவை 1979-க்கும் 2020-க்கும் இடையே 55 சதவீதம் கூடியிருப்பதாக பிரிட்டனின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

கேள்வி: என் மகள் இப்போதுதான் பணியில் சேர்ந்திருக்கிறாள். திடீரென்று குலுங்கினால் அவள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் உட்காரச் சொல்லுங்கள் அம்மா. தன் இருக்கைவரை ஓட வேண்டாம். பக்கத்தில் காலி சீட் இருந்தால் அதில் உட்கார்ந்து பெல்ட் போடட்டும். அதுவும் இல்லையென்றால் தரையிலேயே அமர்ந்து சீட்டின் உலோகக் காலைப் பிடித்துக்கொள்ளட்டும். டிராலி பக்கத்தில் இருந்தால் பிரேக்கை மிதித்துவிட்டு, காபிக் குடுவையைத் தரையில் வைத்துவிட வேண்டும். நிரம்பிய டிராலி ஒரு ஆளின் எடையைத் தாண்டும், கையால் பிடித்து நிறுத்த முடியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் பயணிகளுக்கு உதவுவதற்காக எழுந்து நிற்பதைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். அடிபட்டுக் கிடக்கும் பணியாளரால் யாரையும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பெல்ட் விளக்கு எரியும்போதும் பணியாளர்கள் மட்டும் நடக்கிறார்களே?

பதில்: பல நிறுவனங்களில் அந்த விளக்கு பயணிகளுக்கானது. பணியாளர்களை உட்காரச் சொல்லி கேப்டன் தனியாக அறிவிப்பார். எனக்கு இது ஏற்புடையதல்ல. விமானம் தரையிறங்கத் தாழும் கட்டத்தில் பணியாளர்கள் இன்னும் முன்னதாகவே உட்கார வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-இல் சொன்னது. குப்பை சேகரிக்கவும் டிராலியைப் பூட்டவும் பரபரக்கும் நேரம் அது. அந்நேரத்தில் இன்னொரு டீ கேட்காமலிருந்தால் பெரிய உதவி.

கேள்வி: நான் விமானப் பணியாளர். குலுக்கலில் என் கணுக்கால் எலும்பு முறிந்தது. நிறுவனத்தில் 'சின்ன சம்பவம்' என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

பதில்: எலும்பு முறிவு சின்ன சம்பவம் அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆவது இணைப்பின்படி (விபத்து விசாரணை விதிகள்), விரல், மூக்கு ஆகியவற்றின் சாதாரண முறிவைத் தவிர மற்ற எந்த முறிவும் படுகாயம்தான். படுகாயம் நேர்ந்தால் அது 'விபத்து', விசாரிக்கப்பட வேண்டியது. எக்ஸ்ரே, மருத்துவர் அறிக்கை, பறந்த நாள், விமான எண் எல்லாவற்றையும் வைத்து எழுத்தில் திருத்தம் கேளுங்கள். இழப்பீட்டுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தத்தை நம்ப வேண்டாம், அது பயணிகளுக்கானது. உங்களுக்கு உங்கள் நாட்டின் தொழிலாளர் சட்டம்தான் வழி. சங்கம் இருந்தால் இன்றே பேசுங்கள்.