டீசல் பில்டர் மாத்தினதும் ஸ்டார்ட் ஆகலையா? பம்ப்ல கை வைக்காதீங்க

ஏர் லாக் (டீசல் போற வழியில காத்து அடைச்சு நிக்கறது) தாங்க அது, பம்ப்பை கழட்டாதீங்க. ட்ரெயினிங் என்ஜின்ல பில்டர் மாத்தினதுல இருந்து செல்ஃப் சுத்துது ஆனா ஸ்டார்ட் ஆகலன்னு சொல்றீங்க, அதுக்கு முன்னாடி நல்லா ஓடிச்சுன்னா முதல்லயே கம்ப்ரெஷனையோ இன்ஜெக்டரையோ சந்தேகப்பட வேண்டாம், பில்டருக்குள்ள காத்து நிக்குது.

பில்டர் மேல இருக்கற ப்ளீடிங் ஸ்க்ரூவை (காத்தை வெளியேத்தற ஸ்க்ரூ) லேசா லூஸ் பண்ணி ஹேண்ட் ப்ரைமரை (கையால டீசல் தள்ளற சின்ன பம்ப்) அடிச்சுக்கிட்டே இருங்க. நுரை நுரையா வரும், அது நின்னு சுத்தமா டீசல் வந்ததும் ஸ்க்ரூவை டைட் பண்ணிடுங்க.

ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷத்துல மறுபடி நின்னா எங்கேயோ காத்து இழுக்குது. பழைய ஓ-ரிங் (பில்டரோட ரப்பர் சீல்) ஒட்டிக்கிட்டு இருக்க அது மேலயே புதுசு உக்காந்திருக்கலாம் (நானும் பண்ணிருக்கேன், அரை நாள் போச்சு). டேங்க்ல இருந்து வர்ற லைன்ல ஓட்டை இருந்தாலும் ஓடும்போது டீசல் வெளிய கசியாம காத்து மட்டும் உள்ள போகும், அதான் கண்ணுல மாட்டாது. அந்த லைன்ல ஒரு ட்ரான்ஸ்பரன்ட் ஹோஸ் போட்டு பாருங்க, குமிழி தெரியும்.

ஒண்ணு மட்டும், இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் பண்ணி காத்து எடுக்கறதெல்லாம் பழைய மெக்கானிக்கல் பம்ப்புக்குத்தான். காமன் ரெயில்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ஹை ப்ரெஷர் குழாய்ல இருந்து டீசல் போற டைப்) தொடவே தொடாதீங்க, 1000 பாருக்கு மேல ப்ரெஷர், டீசல் தோலை துளைச்சு உள்ள போயிடும்.