தறிக்கு மேலே தொங்கும் விளக்கும் மாலைத் தலைவலியும்

கேள்வி: திருபுவனத்தில் வீட்டிலேயே பட்டுத்தறி வைத்திருக்கிறோம். ஆடி மாதத்தில் பழைய சோக் டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு, வீடு தேடி வந்தவரிடம் வாங்கிய இரண்டு எல்இடி டியூப்லைட்டுகளைத் தறிக்கு மேலே மாட்டினோம். அதுமுதல் 58 வயதான என் தந்தைக்கு மாலையில் தலைவலியும் கண்வலியும் வருகின்றன. பார்வைக்கு விளக்கு சீராகத்தான் எரிகிறது. கைபேசியில் படம் பிடித்தால் மட்டும் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. கண்ணாடிக் கடையில் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். பார்வை போய்விடுமா? எந்த விளக்கை வாங்குவது?

பதில்: கைபேசியில் கறுப்புப் பட்டைகளாகத் தெரிவது விளக்கொளியின் வேகமான துடிப்பு. இந்தத் துடிப்பினால் பார்வை நிரந்தரமாகக் கெடும் என்பதற்குச் சான்று இல்லை, அந்த அச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆனால் தந்தையின் தலைவலி கற்பனை அன்று. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், அதில் நேராக எரியும் விளக்கின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. பழைய குண்டு பல்பின் கம்பி சூடு ஆறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். சோக் டியூப்லைட்டின் உட்பூச்சும் சற்று நேரம் ஒளியைத் தாங்கி நிற்கும். எல்இடிக்கு அந்தத் தாமதம் மிகக் குறைவு. மின்னோட்டம் நின்றால் ஒளியும் நின்றுவிடும். நொடிக்கு 100 துடிப்பைக் கண் பிரித்து அறியாவிட்டாலும், கண்ணும் மூளையும் அதை உணர்ந்து களைப்படைகின்றன. 1989இல் வெளியான பிரிட்டன் அலுவலக ஆய்வு ஒன்றில், சோக் டியூப்லைட்டுகளுக்குப் பதிலாக, கண்ணும் மூளையும் உணராத அளவுக்கு மிக வேகமாகத் துடிக்கும் மின்னணு விளக்குகளைப் பொருத்தியபோது தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இருட்டிய பிறகு அந்த விளக்குகளை மட்டும் எரியவிட்டு, நாடா (ஊடு நூலைக் கொண்டு செல்லும் கட்டை) பாவின் ஊடே பாயும்போது ஒரே இழுப்பாகத் தெரிகிறதா, விசிறி மடிப்பைப் போலத் துண்டு துண்டாகத் தெரிகிறதா என்று தந்தையைக் கேளுங்கள். துண்டாகத் தெரிந்தால் துடிப்பு கடுமையானது. நாள் முழுவதும் பாயும் நாடாவையும் மின்னும் ஜரிகையையும் பார்த்துக்கொண்டிருக்கும் நெசவாளர், கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவரைவிட இதனால் அதிகம் சிரமப்படுவதில் வியப்பில்லை.

இனி வீடு தேடி வந்தவரைப் பற்றி. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மொபெட்டில் அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து, 'கம்பெனி சரக்கு, இரண்டு வருட கேரண்டி' என்று பெட்டியின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படி வாங்கப்பட்ட ஒரு டியூப்லைட்டை என் மேசையில் பிரித்தேன். மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தை நிரவ வேண்டிய மின்தேக்கிக்கு உரிய இடத்தில் 'சி2' என்ற அச்சும் இரண்டு வெறுந்துளைகளும் மட்டுமே இருந்தன, மின்தேக்கியைக் காணோம். சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக வாங்குகிறவரின் தலையில் வலியை ஏற்றிவிடுகிறார்கள். நீல ஒளிக் கண்ணாடியும் இந்த வகைதான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அத்தகைய கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது. அதிலும் உங்கள் சிக்கல் நிறத்தில் இல்லை, துடிப்பில் இருக்கிறது.

வாங்கும்போது பெட்டியில் 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் இந்தியத் தர அமைவனப் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்து, அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபாருங்கள்; ஒட்டுத்தாள் அடிக்க யாராலும் முடியும். ஆனால் அந்த எண் முதன்மையாக மின்னதிர்ச்சி, தீ ஆகியவற்றுக்கு எதிரான உறுதியே தவிர, துடிப்பு இல்லை என்பதற்கான உறுதி அன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் துடிப்புக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. இங்கே பெட்டியில் 'ஃப்ளிக்கர் ஃப்ரீ' (துடிப்பு இல்லாதது) என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு என்ற எண்ணைத் தேடினால் கிடைக்காது, கடைக்காரருக்கும் தெரியாது. நொடிக்கு 100 துடிப்புள்ள விளக்கில் ஏற்ற இறக்கம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்று பொறியாளர்களின் பரிந்துரை 2015லேயே வந்துவிட்டது. அதைப் பெட்டியில் ஒரு வரியாக அச்சிட இத்தனை ஆண்டுகள் போதவில்லை போலும்.

ஆகவே கடையிலேயே விளக்கை எரியவிட்டு, கைபேசியின் ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். பட்டை ஓடினாலோ ஒளி மங்கி மங்கி எழுந்தாலோ வேண்டாம். சாதாரண வீடியோவை மட்டும் நம்பாதீர்கள்; பல கைபேசிகள் பட்டைகளைத் தாமாகவே மறைத்துவிடும். தறிக்கு மட்டுமானால், 12 வோல்ட் எல்இடி பட்டையை நல்ல அடாப்டரில் இணைத்துக்கொள்வது எளிய வழி. இதையும் ஸ்லோ மோஷனில் பார்த்துவிட்டே வாங்குங்கள். பகலுக்குக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் போதும்.

விளக்கை மாற்றியும் பயனில்லாத ஒரு நிலை உண்டு. ஒளி கண்ணுக்கே தெரியும்படி வெட்டுகிறது, மோட்டார் போட்டால் மங்குகிறது, அல்லது ஓர் அறையில் மங்கும்போது இன்னோர் அறையில் பளிச்சென்று கூடுகிறது என்றால், குற்றம் பெரும்பாலும் விளக்கில் இல்லை. நியூட்ரல் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி) இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் கம்பத்து இணைப்புகள் பூத்துப்போய் இப்படி ஆவதுண்டு. புகார் சொன்னால் 'உங்கள் வீட்டில் லோடு அதிகம்' என்று பதில் வரும். பக்கத்து வீட்டிலும் அதே வெட்டு இருக்கிறதா என்று கேட்டு, நாளும் நேரமும் குறித்து எழுத்தில் கொடுத்து, புகார் எண் வாங்குங்கள். கம்பத்தில் நியூட்ரல் அறவே விட்டுப்போனால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட் வரை வரக்கூடும். எனவே மேற்சொன்ன அறிகுறி தெரிந்த உடனே மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தின்படி உங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் இல்லை.

விளக்கை மாற்றிய பிறகு இரண்டு வாரம், தலைவலி வந்த மாலைகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறையவில்லை என்றால் கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 58 வயதில் வெள்ளெழுத்துக்கான கண்ணாடியின் எண் மாறியிருக்கலாம், புரையும் தொடங்கியிருக்கலாம்.