குறிச்சொல்லில் குறியீடா, முழுப் பெயரா?

கேள்வி: கிளிநொச்சியில் தொடர்பாடல் நிலையம் வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிற எங்கள் சனத்துக்காக விமானப் பயணக் குறிப்புகள் எழுதி இணையத்தில் போடுகிறேன். குறிச்சொல்லாக விமான நிறுவனத்தின் இரண்டெழுத்துக் குறியீட்டைப் போடுவதா, முழுப் பெயரையா?

பதில்: முழுப் பெயரையே போடுங்கள். புதுக்குடியிருப்பிலிருந்து முதல் தடவை டுபாய்க்குப் போகும் பிள்ளை 'எமிரேட்ஸ்' என்றுதான் தேடும், 'ஈ.கே.' என்று தேடாது. குறியீடு விமான இலக்கத்தோடு குறிப்புக்குள்ளே இருந்தால் போதும். 'எயார்', 'ஏர்' என்று மாறிமாறி எழுதாதீர்கள். ஒரே நிறுவனம் இரண்டு குறிச்சொல்லாகிவிடும்.

இந்திய விமான நிறுவனமான அலையன்ஸ் எயாரின் குறியீட்டைப் பாருங்கள்: ஒன்பதும் ஆங்கில 'ஐ' எழுத்தும். அச்சில் 91 போலவே இருக்கும். இரண்டெழுத்து போதாமல் இலக்கத்தைக் கலந்தார்கள். அதுவும் போதாமல், ஒரே குறியீட்டை வெவ்வேறு பிரதேசங்களில் பறக்கும் இரண்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கவும், விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதி இடம் வைத்திருக்கிறது. கணினிக்காகச் செய்த ஏற்பாட்டைச் சனத்தின் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் எப்படி?

ஓர் இடத்தில் மட்டும் பெயரும் குறியீடும் சேர்ந்தே வரவேண்டும். சீட்டை ஒரு நிறுவனம் தன் இலக்கத்தில் விற்கும். பறப்பது இன்னொன்றின் விமானமாக இருக்கும். ஸ்ரீலங்கனின் குறியீடான யு.எல். என்று சீட்டில் இருக்க, ஏறுவது கட்டார் எயார்வேஸாக இருக்கலாம். அப்படியானால் பறக்கும் நிறுவனத்தின் பெயரைக் குறிச்சொல்லாக வையுங்கள். விற்ற நிறுவனத்தின் குறியீட்டை உள்ளே எழுதுங்கள். மாறிப் போட்டால், கட்டுநாயக்கவில் பெட்டியோடு பிழையான வரிசையில் நிற்கப்போவது உங்கள் வாசகர்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. குறியீட்டை மட்டும் அச்சடித்துக் கொடுத்து ஏமாற்றும் முகவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாய் மகனுடைய 'ரிக்கெற்' என்று ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். நான்காக மடித்து, மடிப்பில் எழுத்து அழிந்துபோன தாள். குறியீடு இருந்தது, ஆறு எழுத்துப் பதிவு இலக்கமும் இருந்தது. சீட்டு இலக்கம் இல்லை. ஆசனத்தைப் பிடித்து மட்டும் வைத்துவிட்டு முழுக்காசையும் வாங்கியிருந்தார் முகவர். காசு கட்டிச் சீட்டு எடுக்காவிட்டால் அந்தப் பதிவு தானாகவே அழிந்துவிடும்.

ஸ்ரீலங்கன், எமிரேட்ஸ், கட்டார் போன்றவற்றின் சீட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. ஸ்ரீலங்கன் கொடுத்ததென்றால் 603 என்று தொடங்கும். தாளில் அது இல்லையா, மீதிக் காசைக் கொடுக்க வேண்டாம். இருந்தாலும் சரி, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதிவு இலக்கத்தையும் பயணியின் குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர், முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் தானே கேட்க வேண்டும். முகவர் காட்டும் பிரதியை நம்பக்கூடாது.

இதை எந்த நிறுவனத்தின் பெயருக்குள்ளும் போடாமல், 'சீட்டு உண்மையா' என்று தனிக் குறிச்சொல் வைத்து முதலில் எழுதிப் போடுங்கள்.