கடுகுக்கு யூரியா போடும் முன் செடியை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: கடுகைக் கையால் தூவி விதைத்தேன். நன்றாக முளைத்தது, யூரியாவும் தாராளமாகப் போட்டேன். மார்பளவு வளர்ந்து, பூக்கும் நேரத்தில் பாதிப் பயிர் சாய்ந்துவிட்டது. காய் உச்சியில் மட்டும்தான் பிடித்தது. அடுத்த முறை உரத்தை மாற்றவா, விதைப்பை மாற்றவா?

பதில்: முதலில் விதைப்பை மாற்றுங்கள். உங்கள் பயிர் உரம் போதாமல் கெடவில்லை, நெரிசலில் கெட்டது. அதற்கு மேல் யூரியாவும் விழுந்ததால்தான் சாய்ந்தது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஆயிரம் கடுகு விதை சுமார் 4 கிராம்தான் இருக்கும், அப்படியென்றால் ஹெக்டேருக்கு 5 கிலோ தூவினால் ஒரு சதுர மீட்டரில் 125 விதை விழுகிறது. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. விட்டால் அதே இடத்தில் நிற்க வேண்டியது 33 செடி. 45-க்கு 15 என்றால் வெறும் 15. கையால் தூவும்போது ஓரிடத்தில் குவியலாகவும் இன்னோரிடத்தில் வெறுமையாகவும் விழுவதால் நெரிசல் இன்னும் மோசமாகிறது. நெருக்கமாக நிற்கும் செடி வெளிச்சத்துக்காக மேலே மேலே போகும், தண்டு மெலியும், கீழே நிழல் விழுவதால் பக்கக் கிளை வராது. கிளை இல்லாவிட்டால் காய் எங்கே பிடிக்கும்? உச்சியில்தான். இந்த நிலையில் யூரியா தரும் தழைச்சத்தை (நைட்ரஜனை) கூட்டினால் தண்டு இன்னும் மென்மையாகிச் சாயும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் தேடி வரும், விதையில் எண்ணெய் அளவும் குறையும்.

அடுத்த முறை விதையோடு காய்ந்த மணலைக் கலந்து, 2 அல்லது 3 செ.மீ. ஆழத்தில் வரிசையாக விடுங்கள். அப்புறம் 15 முதல் 20 நாளுக்குள் கூடுதல் செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். நன்றாக இருக்கும் செடியைப் பிடுங்க மனசு வராது என்பது எனக்கும் தெரியும், ஆனால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் பிறகு எந்த உரமும் அதைச் சரிசெய்யாது. கூடுதல் செடிகளைக் களைந்த பிறகுதான் மேலுரம் (வளரும் பயிருக்குப் போடும் உரம்). பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 60 முதல் 100 கிலோ வரை தழைச்சத்து கொடுப்பது வழக்கம், உங்கள் மண் பரிசோதனையைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். பாதியை விதைக்கும்போதே அடியுரமாகவும் மீதியை 25, 30-வது நாளில் முதல் தண்ணீரோடும் கொடுக்கலாம். யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து, அதனால் 60 கிலோ சத்துக்கு ஏறக்குறைய 130 கிலோ யூரியா வேண்டும். சத்தின் அளவையும் மூட்டையின் எடையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அதற்காக இடைவெளியை இஷ்டத்துக்கு அகட்டவும் வேண்டாம். கிளை நிறைய வரும், உண்மைதான், ஆனால் இடையில் களை புகுந்துவிடும். பக்கக் கிளைக் காய்கள் முற்றும்வரை காத்திருந்தால் முதலில் முற்றியவை வெடித்துக் கொட்டும்.

கேள்வி: அடியுரமாக டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) மட்டும் போட்டால் போதாதா? இளம் இலைகள் மஞ்சளாகவே இருக்கின்றன.

பதில்: போதாது. கடுகுக்குக் கந்தகம் கட்டாயம் வேண்டும். அதன் காரமே கந்தகம் சேர்ந்த பொருள்களிலிருந்துதான் வருகிறது, எண்ணெய் அளவும் அதைப் பொறுத்தது. டி.ஏ.பி.யில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸும்) உண்டு, கந்தகம் கிடையாது. சூப்பர் பாஸ்பேட்டில் 100 கிலோவுக்கு 16 கிலோ மணிச்சத்தும் கூடவே சுமார் 11 கிலோ கந்தகமும் கிடைக்கும், எனக்குக் கேட்டால் கடுகுக்கு அதுதான் பொருத்தம். டி.ஏ.பி.தான் கையில் இருக்கிறதென்றால் கடைசி உழவில் கந்தகம் உள்ள ஜிப்சத்தைச் சேருங்கள். இன்னொன்று, தழைச்சத்துக் குறைவு முதலில் கீழ் இலைகளில் தெரியும், கந்தகக் குறைவு இளம் இலைகளில் தெரியும். ஆகவே நீங்கள் சொல்லும் மஞ்சளுக்குக் கந்தகக் குறைவுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம், யூரியாவைத் தூவினால் தீராது.

கேள்வி: விதைப்பு மூன்று வாரம் தள்ளிப்போய்விட்டது. அதே இடைவெளிதானா?

பதில்: கொஞ்சம் நெருக்குங்கள். தாமதமாக விதைத்த செடிக்குக் கிளை விட நாள் போதாது, குட்டையாகவே பூத்துவிடும். அதனால் 45 செ.மீ. வரிசை வேண்டாம், 30 வைத்துக்கொள்ளுங்கள். மேலுரத்தை மட்டும் தாமதிக்காதீர்கள், பூத்த பிறகு போட்டால் முற்றுவது இன்னும் தள்ளிப்போகும்.