எம்எல்ஏ கொடுத்த சாதனைப் புத்தகத்தைச் சரிபார்ப்பது எப்படி?

பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் எம்எல்ஏ வீடு வீடாக ஒரு புத்தகம் கொடுத்திருக்கிறார். சட்டமன்றத்தில் எழுப்பிய கேள்விகள், நிறைவேற்றிய சட்டங்கள், தொகுதிக்குப் பெற்றுத் தந்த திட்டங்கள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எங்கள் ஊர் ஓடைக்குப் பாலம் கட்ட 'ஒப்புதல் பெறப்பட்டது' என்றும் போட்டிருக்கிறது. மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடிவதில்லை. ஒப்புதல் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்கிறார்கள், ஒரு லோடு ஜல்லிகூட வந்து இறங்கவில்லை. இதில் எது நடந்தது, எது நடக்கும் என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?"

உங்கள் பாலத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். 'ஒப்புதல்' என்று மட்டும் போட்டிருந்தால் அது நான்கு படிகளில் எதுவாகவும் இருக்கலாம். மதிப்பீடு தயாரிக்க மேலதிகாரி சரி சொல்லியிருக்கலாம். நிர்வாக அனுமதி வந்திருக்கலாம். தொழில்நுட்ப அனுமதி வந்திருக்கலாம். டெண்டரில் ஒருவருடைய விலையை ஏற்றிருக்கலாம். முதல் படியில் காசு கிடையாது. இரண்டாவது படியில்தான் அரசு "இந்த வேலைக்கு இவ்வளவு பணம், இந்தக் கணக்கிலிருந்து" என்று சொல்கிறது. மூன்றாவது படியில் பொறியாளர் வரைபடத்தையும் அளவையும் உறுதி செய்கிறார். நான்காவது முடிந்து ஒப்பந்தம் போட்டு, பணி ஆணை கையில் வந்த பிறகுதான் ஒப்பந்ததாரர் மண்ணைத் தொடலாம். பூமி பூஜை இந்த வரிசையில் எந்தப் படியும் அல்ல. பணி ஆணைக்கு முன்பே பூஜை போட்டு, செங்கல்லில் மஞ்சள் காய்வதற்குள் ஆட்கள் கலைந்த இடங்கள் உண்டு. அந்தப் புகைப்படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே கேட்க வேண்டியது ஒப்புதல் வந்ததா என்பதை அல்ல. அரசாணை எண், தேதி, தொகை, துறை ஆகிய நான்கையும். அரசாணை என்றால் தலைப்பில் துறையின் பெயர், 'அரசாணை (நிலை) எண்' என்பது போன்ற எண், தேதி இருக்கும். அதன் கீழே 'பார்வை' என்று முந்தைய கடிதங்களின் பட்டியல் வரும். அதில் பெரும்பாலும் தலைமைப் பொறியாளரின் முன்மொழிவுக் கடிதம் இருக்கும். உங்கள் கோரிக்கை எப்போது மேலே போனது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடைசிப் பக்கத்துக்குப் போனால் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் பற்று வைப்பது என்ற பத்தி, நிதித் துறையின் இசைவுடன் ஆணை வெளியிடப்படுகிறது என்ற பத்தி. இரண்டும் இருந்தால் அது பணத்தோடு வந்த ஆணை. இரண்டும் இல்லாமல் 'ஆய்வு செய்து அறிக்கை அளிக்க' என்று மட்டும் இருந்தால் அது கடிதம். பாலம் இன்னும் காகிதத்துக்கே வரவில்லை.

பணத்தோடு ஆணை வந்தும் வேலை தொடங்காமல் இருப்பதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. முதலாவது நிலம். ஓடை புறம்போக்காக இருக்கும், ஆனால் பாலத்தின் இரு முனையிலும் வரும் அணுகுசாலை யாருடைய பட்டாவிலாவது பத்து சென்ட் கேட்கும். நெடுஞ்சாலைத் துறை எடுப்பதானால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம், 2001-ன் 15(2) பிரிவில் உரிமையாளருக்கு நோட்டீஸ், அவர் ஆட்சேபத்தைக் கேட்ட பின் 15(1)-ல் அரசிதழ் அறிவிப்பு, அதன் பிறகு இழப்பீடு என்று போகும். இது மாதக்கணக்கில் இழுக்கும், வாரிசுத் தகராறு இருந்தால் வருடக்கணக்கில் போகும். இரண்டாவது விலை. பொதுப்பணித் துறையின் விலைவிகிதப் பட்டியல் ஆண்டுதோறும் மாறுகிறது. பழைய பட்டியலில் போட்ட மதிப்பீட்டுக்குச் சிமெண்ட், கம்பி இன்றைய விலையில் கட்டுப்படியாகாது என்றால் ஒருவரும் டெண்டர் போட மாட்டார்கள், அல்லது ஏற்க முடியாத அளவுக்குக் கூட்டிப் போடுவார்கள். பிறகு மறு டெண்டர், அதுவும் தோற்றால் திருத்திய மதிப்பீடு, மறுபடி நிதித் துறை. டெண்டர் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் அவ்வளவு நாளைத் தின்னும். மூன்றாவது, அடுத்த துறையின் இசைவு. ஓடையோ ஆறோ நீர்வளத் துறையின் கையில் இருந்தால் அவர்கள் தடையின்மைச் சான்று வேண்டும். வெள்ள மட்டத்துக்குப் பாலத்தின் கண், அதாவது தண்ணீர் போகும் திறப்பு, போதாது என்று திருப்பி அனுப்பினால் வரைபடமே மாறும்.

நம் தருமபுரி மாவட்டத்தில் நான்காவதாக ஒன்றும் உண்டு: காடு. பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கும் சித்தேரி மலைக்கும் சாலை என்றாலே வனத் துறை வந்துவிடும். இதற்கு ஒரு குறுக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது, பல ஊராட்சிகள் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். வன உரிமைச் சட்டம், 2006-ன் 3(2) பிரிவின்படி, வனவாழ் மக்களுக்கான சாலை, பள்ளி, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய் போன்ற வசதிகளுக்கு ஒவ்வொரு பணிக்கும் 1 ஹெக்டேருக்கும் குறைவான வன நிலம் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். அந்தத் தீர்மானம் இல்லாமல் கோப்பு நகராது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு கிராம சபை நாள்கள் இருக்கின்றன. தீர்மானத்தில் சர்வே எண், நீளம், அகலம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 'சாலை வசதி வேண்டும்' என்று மட்டும் எழுதினால் அதை வைத்து எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட முடியாது.

உங்கள் பாலம் எந்தப் படியில் நிற்கிறது என்று அறிய தகவல் உரிமைச் சட்டம் போதும். அதற்கு முன், சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகம். ஊராட்சி ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். தவறான இடத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "இன்ன ஊர் ஓடைப் பாலப் பணியின் நிர்வாக அனுமதி ஆணை நகல், தொழில்நுட்ப அனுமதி நகல், வெளியான டெண்டர் அறிவிப்புகளின் தேதிகள், பணி ஆணை நகல், நில எடுப்பு தொடர்பான கடிதங்களின் நகல்." இதில் எது 'இல்லை' என்று பதில் வருகிறதோ, அங்கேதான் பாலம் நிற்கிறது. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

புத்தகத்தின் மற்றப் பக்கங்களுக்கு வருவோம். 'தொகுதி மேம்பாட்டு நிதியில்' என்று வருபவை சரிபார்க்க எளியவை. தமிழ்நாட்டில் தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் எம்எல்ஏவின் கைக்கு வருவதில்லை. அவர் வேலையைப் பரிந்துரைக்கிறார், மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கிறார். பணியிடத்துப் பலகையில் நிதியின் பெயரும் தொகையும் இருக்கும். தெருவிளக்கு, நிழற்குடை, வகுப்பறை, சிறுபாலம் போன்றவை இதில் வரும்.

'முதல்வர் அறிவித்தார்' என்பவை வேறு வகை. 2024 ஜூன் 27 அன்று ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் விதி 110-ன் கீழ் முதல்வர் அறிவித்தார். விதி 110 அறிவிப்பின் மீது விவாதம் கிடையாது. அது அரசின் எண்ணத்தைச் சொல்கிறது, பணத்தை ஒதுக்குவதில்லை. விமானப் போக்குவரத்து மத்தியப் பட்டியலில் இருப்பதால் இட ஒப்புதலும் கொள்கையளவிலான ஒப்புதலும் டெல்லியிலிருந்து வர வேண்டும். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை புதிய விமான நிலையத்துக்குத் தடை என்ற பிரிவும் குறுக்கே நிற்கிறது. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதையும், தொப்பூர் கணவாய்ச் சாலையும் அப்படியே, மத்திய அரசின் வேலைகள். நில எடுப்பில் மாநிலத்துக்குப் பங்கு உண்டு, எம்எல்ஏ அதை முடுக்கிவிடலாம். 'கொண்டு வந்தேன்' என்று எழுதினால் அது மிகை.

பெரிய திட்டத்தில் தனி ஒருவருக்குப் பெருமை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பாருங்கள். ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய். 2008-ல் ஓர் ஆட்சியில் அடிக்கல், 2013-ல் இன்னோர் ஆட்சியில் தொடக்கம். இடையில் இரு கட்சி எம்எல்ஏக்களும் அதற்காகப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு வீண் என்று நான் சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் அமைச்சர் தரும் பதில் அவைக் குறிப்பில் ஏறுகிறது. 'இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்' என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி, சட்டமன்றத்தின் அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரலாம். அதனால் 'குரல் கொடுத்தேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் தேதியும் அமைச்சரின் பதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். 'அரசின் பரிசீலனையில் உள்ளது' என்ற பதிலும், 'நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்ற பதிலும் எதையும் உறுதி செய்வதில்லை. துறையின் மானியக் கோரிக்கையோடு, அதாவது ஆண்டுச் செலவுக்குப் பணம் கேட்டு அவையில் வைப்பதோடு, வரும் கொள்கை விளக்கக் குறிப்பை அடுத்த ஆண்டு எடுத்துப் பார்த்தால், போன ஆண்டு அறிவிப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று துறையே எழுதியிருக்கும். சட்டமன்றத்தின் இணையதளத்தில் அவை நடவடிக்கைகள் தமிழில் கிடைக்கின்றன.

சட்டங்கள் பற்றிய பக்கம் சுருக்கமாக: பேரவையில் நிறைவேறியது மசோதாதான். ஆளுநரோ, அவர் அனுப்பிவைத்தால் குடியரசுத் தலைவரோ ஒப்புதல் தந்து அரசிதழில் வந்தால்தான் சட்டம். சிலவற்றுக்கு அமலுக்கு வரும் தேதியைத் தனியாக அறிவிப்பார்கள். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார். 'இந்த மசோதாவுக்கு நான் வாக்களித்தேன்' என்பதைச் சரிபார்க்க வழி பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் அநேகமாக எல்லாமே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர்வாரியாகப் பதிவாவதில்லை.

பாலப் பிரச்சினை பல ஆண்டுகளாகத் தீராதது என்றால் சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் எழுதலாம். குழு மாவட்டத்துக்கு வருமுன் ஆட்சியர் அலுவலகம் செய்தி வெளியிட்டு மனு கேட்கும். மனு தமிழில், ஐந்து நகல்களோடு, ஒரே பிரச்சினை, ஒரே துறை என்று இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்ற வழக்கில் உள்ளது, பட்டா, ஓய்வூதியம் எல்லாம் அங்கே எடுபடாது. ஊர்ப் பாலம் எடுபடும்.

தகவல் உரிமைப் பதில் கைக்கு வந்ததும் அதன் நகலோடு எம்எல்ஏ அலுவலகத்துக்குப் போங்கள். 'பாலம் என்னாச்சு சார்' என்று கேட்டால் இன்னொரு கோரிக்கைக் கடிதம்தான் மேலே போகும். 'நிர்வாக அனுமதி இன்ன தேதியில் வந்துவிட்டது, இரண்டு சர்வே எண்களில் நில எடுப்பு வருவாய்த் துறையில் நிற்கிறது' என்று சொன்னால், அவர் ஆட்சியரின் ஆய்வுக் கூட்டத்தில் அந்த இரண்டு எண்களைச் சொல்லியே கேட்க முடியும்.