விக்டோரியா அரங்கில் நாடகம் பார்க்கும் முன் எங்கே பசியாறுவது?

சிங்கப்பூர் விக்டோரியா அரங்கில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் நாடகத்திற்கு, ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துச் செல்லவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சைவம், அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அரங்கின் அருகில் எங்கே சாப்பிடலாம் என்பது உங்கள் கேள்வி. புதுப்பிப்புக்காக மூடியிருந்த 2010 முதல் 2014 வரையிலான காலம் நீங்கலாக, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அங்கே தமிழ் நாடகங்களையும் பிறமொழி நாடகங்களையும் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: அரங்கின் அருகில் தேடாதீர்கள். மாலை ஆறு மணிக்குள் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியா வட்டாரத்தில், சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். பிறகு ரயிலேறி, ஆற்றைக் கடந்து நடந்து போங்கள்.

அரங்கின் அருகில் உணவகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1862இல் நகர மண்டபமாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1909இல் நாடக அரங்கமாக மாறிய கட்டடம் அது. மணிக்கூண்டுக்கு மறுபுறம் இருக்கும் நினைவு மண்டபம் 1905இல் திறக்கப்பட்டது. இரண்டும் ஆட்சி அலுவலகங்களும் நீதிமன்றமும் சூழ்ந்திருந்த வட்டாரத்தில் எழுந்தவை. அது குடியிருப்பு வட்டாரமோ சந்தை வட்டாரமோ அல்ல. 1970களிலும் 1980களிலும் அரங்கு இருக்கும் எம்பிரஸ் பிளேஸில் ஆற்றை ஒட்டி ஓர் உணவங்காடி நிலையம் இருந்ததையும், நாடகம் பார்க்க வந்தவர்கள் அங்கே மீ நூடுல்ஸும் தேநீருமாக முடித்துக்கொண்டு அப்படியே அரங்கிற்குள் நுழைந்ததையும் மூத்தவர்கள் இன்றும் ஏக்கத்தோடு சொல்வார்கள். அது போய்விட்டது. இப்போது எதிர்க்கரையில் போட் கீ கடைவீடுகளில் வரிசையாக உணவகங்கள் இருக்கின்றன. ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கமும் அமர்ந்து உண்ண இடம் உண்டு. ஆனால் இவை பெரும்பாலும் ஆற்றைப் பார்த்தபடி நிதானமாக இரண்டு மணி நேரம் உட்கார வருபவர்களுக்கான இடங்கள். விலைப்பட்டியலில் காணும் தொகையோடு பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் ஒன்பது விழுக்காடு பொருள், சேவை வரியும் சேரும் என்பதையும் பெற்றோர் முன்னால் பட்டியல் வரும்போது நினைவில் வையுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது நேரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை என் அம்மாவை அழைத்துக்கொண்டு ஆற்றோர உணவகம் ஒன்றில் ஆறே முக்கால் மணிக்கு உட்கார்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறதே என்ற நம்பிக்கை. அலுவலகம் முடிந்து வந்தவர்களால் இடம் நிரம்பியிருந்தது. சப்பாத்தியும் கூட்டும் மேசைக்கு வந்தபோது ஏழு நாற்பது. அம்மா இரண்டு வாய் மட்டும் உண்டார். மீதியைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு, அவரால் முடிந்த வேகத்தில் பாலத்தைக் கடந்தோம். கதவு மூடிவிட்டது. தாமதமாக வருபவர்களை நாடகத்தில் பொருத்தமான இடைவெளி வரும்போதுதான் உள்ளே விடுவார்கள். அது சரியான விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளிக்கூடத்தில் இருந்த சிறிய திரையில் நடிகர்களின் வாயசைவு மட்டும் தெரிந்தது. உணவை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் ஆவியில் நனைந்து குழைந்துபோன அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இப்போது அந்தப் பெண் ஏன் அழுகிறாள்?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து நாடக நாளில் ஆறு மணிக்குப் பிறகு எந்த மேசையிலும் நான் புதிதாக உட்கார்ந்ததில்லை.

ஆகவே நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுங்கள். எட்டு மணிக்கு நாடகம் என்றால் ஏழு நாற்பதுக்குள் இருக்கையில் இருப்பது பெரியவர்களுக்கு நல்லது. கழிவறைக்கும் படிகளுக்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால், ஏழரைக்கு அரங்கின் வாசலில் நிற்க வேண்டும். தேக்காவிலிருந்து கதவுக்குக் கதவு நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஆறே முக்காலுக்குச் சாப்பிட்ட இடத்தை விட்டு எழுந்துவிட வேண்டும். ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் முழுதாகக் கிடைக்கும். அவசரமில்லாமல் ஒரு காப்பியும் குடிக்கலாம்.

தேக்காவில் அம்மாவுக்காக நான் சொல்வது சிராங்கூன் சாலையிலுள்ள கோமள விலாஸ். 1947 முதல் இயங்கிவரும் சைவ உணவகம் அது. அதைவிடப் பழைய ஆனந்த பவன் 1924இல் தொடங்கியது. முஸ்தஃபா கடைத்தொகுதிப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வசதி. இரண்டிலும் கேட்டவுடன் தட்டு வந்துவிடும் என்பது நாடக நாளில் பெரிய வரம். மாலையில் முழுச் சாப்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாம்பார், ரசம், மோர் என்று சோற்றை ஒரு கை பார்த்துவிட்டுக் குளிரூட்டிய இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால், எவ்வளவு நல்ல நடிப்பானாலும் கண் செருகும். தோசையோ சப்பாத்தியோ போதும். பேப்பர் தோசை மேசையின் அகலத்திற்கு நீண்டு வரும்போது ஊரிலிருந்து வந்தவர்கள் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்பாவுக்குச் சப்பாத்தியும் பருப்பும் காய்கறியும்தான் பொருத்தம். அவருக்கு மாத்திரையோ ஊசியோ இரவு உணவோடு சேர்ந்தது என்றால், உணவை முன்கூட்டி உண்பதால் அந்த நேரத்தையும் மாற்ற வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டுவையுங்கள். நாடகம் முடியப் பத்து மணி ஆகும். அதன் பிறகு சாப்பிடலாம் என்று அவரைப் பசியோடு உட்கார வைக்கவே கூடாது. கைப்பையில் கொஞ்சம் நிலக்கடலையோ பிஸ்கட்டோ இருக்கட்டும். இடைவேளையில் வெளியே வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்பா அசைவம் உண்பவர் என்றால் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் மனம் இழுக்கும். 1969இல் தொடங்கிய முத்தூஸ் கறியும் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவும் மீன் தலைக் கறிக்குப் பெயர் பெற்றவை. அந்தக் கறியை முள் பார்த்து, கன்னத்துச் சதையைத் தேடி எடுத்து, பேசிக்கொண்டே உண்ண வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அதை உண்பது அதற்கும் மரியாதை இல்லை, நாடகத்திற்கும் மரியாதை இல்லை. வேறொரு நாள் மதியம் அழைத்துப் போங்கள்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறினால் அடுத்த நிலையமே டோபி காட். அங்கே மாறும்போது கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும், நகரும் நடைபாதைகள் உதவும். அங்கிருந்து வடக்கு-தெற்குப் பாதையில் ஒரு நிலையம் போனால் சிட்டி ஹால், இன்னும் ஒன்று போனால் ராஃபிள்ஸ் பிளேஸ். இரண்டிலிருந்தும் அரங்கிற்கு நடந்துவிடலாம். நான் ராஃபிள்ஸ் பிளேஸில்தான் இறங்குவேன். ஆற்றுப் பக்க வாசலில் ஏறி வெளியே வந்தால் கவெனா பாலம் தெரியும். 150 ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான அந்தத் தொங்குபாலத்தில் இப்போது நடப்பவர்களுக்கு மட்டுமே இடம். முனையில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. மூன்று ஹண்ட்ரட்வெய்ட்டுக்கு (ஏறத்தாழ 150 கிலோ) மேல் எடையுள்ள வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அப்பாவை அதன் முன் நிறுத்திப் படித்துக் காட்டுங்கள். அந்தப் பாலத்தின் நடுவிலிருந்து பார்க்கும்போது, மாலை வெளிச்சம் குறையக் குறைய, வெள்ளை மணிக்கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஒளி பெறும். சாப்பிட்டபின் இந்தச் சிறு நடை வயிற்றுக்கும் நல்லது, மனத்தை நாடகத்திற்கு ஆயத்தப்படுத்தவும் நல்லது.

நண்பர்கள் யாரேனும் தனியாக வந்து சேர்வதானால், "ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் சந்திப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அங்கே இரண்டு சிலைகள் இருக்கின்றன. அரங்கின் முன் நிற்பது கறுத்த வெண்கலச் சிலை. ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் அதிகாரியான ராஃபிள்ஸ் வந்திறங்கிய இடமாகக் குறிக்கப்பட்டிருக்கும் இடத்தில் நிற்பது வெள்ளைச் சிலை. கறுப்புச் சிலை என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மட்டும் என் பதில் மாறும். வாரம் முழுவதும் உழைத்த வெளிநாட்டு ஊழியர்கள் கூடிப் பேசி, ஊருக்குப் பணம் அனுப்பி, நல்ல சாப்பாடு சாப்பிடும் நாள் அது. அன்று மாலை தேக்கா அவர்களுடையது. நடைபாதையிலும் உணவகங்களிலும் பெரியவர்களுடன் நேரத்திற்கு இடம் பிடிப்பது கடினம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களின் மாலைகளும் அப்படித்தான். அந்த நாள்களில் சிட்டி ஹால் நிலையத்தோடு நிலத்தடி வழியாக இணைந்திருக்கும் ஃபுனான் கடைத்தொகுதிக்குப் போகலாம். அங்கே பல வகை உணவும் கிடைக்கும், மழை நாளிலும் நனையாமல் பெரும்பகுதித் தூரத்தைக் கடக்கலாம். அங்கிருந்து அரங்கு பத்து நிமிட நடைக்குள்தான்.

லாவ் பா சாட் பற்றியும் யாராவது உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். ஹொக்கியன் மொழியில் பழைய சந்தை என்று பொருள். 1894இல் இன்றைய இடத்தில் எழுந்த எண்கோண வடிவ வார்ப்பிரும்புக் கட்டடம், 1973 முதல் உணவங்காடி நிலையம். அழகான இடம், இந்திய உணவுக் கடைகளும் உண்டு. அரங்கிலிருந்து கால் மணி நேர நடை. ஆனால் அதன் புகழுக்குக் காரணமான, இறைச்சியைக் குச்சியில் செருகிக் கரியில் சுடும் சாத்தே கடைகள், வார நாள்களில் மாலை ஏழு மணிக்கு பூன் டாட் தெருவைப் போக்குவரத்துக்கு மூடிய பிறகுதான் அடுப்பு மூட்டும். கரி கனன்று, குச்சிகள் வெந்து, நிலக்கடலைக் குழம்போடு தட்டு வரும்போது உங்களுக்கு நாடகம் தொடங்கியிருக்கும். அதனால் சாத்தேயை நாடகத்திற்குப் பின்னால் வையுங்கள். பத்து மணிக்கு மேல் அந்தத் தெரு இன்னும் புகையும் பேச்சுமாக இருக்கும். மேசையில் யாராவது வைத்துப்போன டிஷ்யூ பொட்டலத்தைக் கண்டால் அந்த இடம் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அறிந்து அடுத்த மேசைக்குப் போங்கள், உண்டபின் தட்டை உரிய இடத்தில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். அம்மாவுக்கு அங்கே இளநீரோ கரும்புச் சாறோ வாங்கிக் கொடுக்கலாம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்பும் என்றாலும், வீடு தொலைவு என்றால் பதினொன்று அடிப்பதற்குள் ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்திற்குத் திரும்பிவிடுங்கள்.