வெட்சூட்டா, டிரைசூட்டா? ஸ்காட்லாந்து போகிறவர்களுக்குப் பதில்கள்

நம் மாவட்டத்து நண்பர்கள் சிலர் செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ என்ற கடற்பகுதியில் முக்குளிக்கப் போகிறார்கள். வெட்சூட் என்பது நனைய விடும் முக்குளிப்பு உடை, டிரைசூட் என்பது நீர் புகாத உடை. குளிர்க்கடலில் 14 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் அவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

முட்டத்திலிருந்து: அண்ணா, ஆடி மாதக் குளிரிலும் வெறும் உடம்போடு மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர்கள் நாங்கள். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் போதாதா?

போதாது தம்பி. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலே வந்து நம் கடல் குளிர்கிறது. அப்போதும் 20 டிகிரிக்கு மேல்தான். அங்கே செப்டம்பரில் ஏறத்தாழ 13 டிகிரி. சிப்பிக்கு மூழ்குகிறவர் ஓரிரு நிமிடத்தில் மேலே வந்துவிடுகிறார். நீங்களோ 40 நிமிடம் கீழே இருப்பீர்கள். மதியம் மறுபடியும் இறங்குவீர்கள். காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக நீர் உடம்புச் சூட்டை இழுக்கும். முதல் முழுக்கைத் தாங்கிவிடலாம். ஈர உடையோடு படகில் காற்று வாங்கிவிட்டு இரண்டாவது முறை இறங்கும்போதுதான் விரல் மரத்துப்போகும். ஒரு கொக்கியைத் திறக்க முடியாமல் கீழே தவித்த நாள் எனக்கு உண்டு. மேலே ஏறும் நேரத்தில் உடம்பு குளிர்ந்திருந்தால், ஆழத்தில் சுவாசித்து உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதும் மெதுவாகிறது; அது ஆபத்து. ஆகவே குளிரைத் தாங்கும் வீரத்தை நம்பி உடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தக்கலையிலிருந்து: இரண்டு உடைகளும் அடிப்படையில் எப்படி வேறுபடுகின்றன?

வெட்சூட் நம்மை நனைய விடும். குளிரைத் தடுப்பது, அது செய்யப்பட்ட நியோப்ரீன் என்ற ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழ்கள் நசுங்கி, சூடு அதிகம் தேவைப்படும் இடத்தில் உடை மெலிந்துவிடுகிறது. 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியர் தாமே மூழ்கடித்த கப்பல்களில் ஏழு இன்னும் அங்கே கிடக்கின்றன. அவற்றில் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் 45 மீட்டர் வரையான ஆழத்தில் உள்ளன. அவற்றைப் பார்க்கத்தானே போகிறீர்கள்? டிரைசூட்டில் கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள பட்டைகள் நீரைத் தடுக்கின்றன. உள்ளே போடும் கம்பளி போன்ற உடையும், சிலிண்டரிலிருந்து நாம் விடும் காற்றும் சூட்டைக் காக்கின்றன.

நாகர்கோவில் மாணவி: ஐயா, டிரைசூட்டை அங்கே வாடகைக்கு எடுத்து நேராக இறங்கிவிடலாமா?

வேண்டாம் மகளே. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். இறங்கும்போது உடைக்குள் காற்று விட வேண்டும்; இல்லாவிட்டால் உடை உடம்பைக் கவ்விப் பிடிக்கும். ஏறும்போது தோளருகே உள்ள வால்வு வழியாக அதை வெளியேற்ற வேண்டும். தலைகீழானால் காற்று காலுக்குப் போய், கால் மேலாக உங்களை இழுத்துக்கொண்டு போகும். முழங்காலை மடக்கி உருண்டு நிமிரப் பழகியிருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் ஒரு பயிற்சி, கடலில் இரண்டு முழுக்கு என்று தனி வகுப்பு இருக்கிறது. அதை முடித்த பிறகும் முதல் நாள் 10 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஈய எடையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும்.

குளச்சலிலிருந்து: கழுத்தில் அணியும் உத்தரியம் என்ற கிறிஸ்தவப் பக்திச் சின்னம், தாலிச் செயின், கையில் கட்டிய கயிறு இவற்றைக் கழற்ற வேண்டுமா?

நல்ல கேள்வி; வகுப்பில் இதை யாரும் சொல்வதில்லை. பட்டை வெறும் தோலில் ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு நூல் போனாலும் அதன் வழியே நீர் ஊறும். செயினும் உத்தரியமும் பட்டைக்குக் கீழே, முழுவதும் உடைக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. மணிக்கட்டுக் கயிற்றை மேலே ஏற்ற முடியாவிட்டால் கழற்றுங்கள். அன்று தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். லேடெக்ஸ் ரப்பர் பட்டையை எண்ணெய் கெடுத்துவிடும். வாசனை இல்லாத டால்க் பவுடர் தடவினால் பட்டை எளிதாக ஏறும்.

அதே நண்பர்: சிறுநீர் கழிக்க முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமல் இறங்கலாமா?

கூடாது. உடம்பில் நீர் குறைவது முக்குளிப்பவருக்கு ஆபத்து. குடியுங்கள், இறங்குவதற்குச் சற்று முன் போய்வாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: திரும்பும் வழியில் அக்டோபர் தொடக்கத்தில் மால்டாவிலும் இறங்குகிறோம். அங்கும் டிரைசூட்தானா?

தேவையில்லை. அப்போது அங்கே நீர் 24 டிகிரி அளவில் இருக்கும். 5 மில்லிமீட்டர் வெட்சூட் போதும்.

முட்டம் தம்பி மறுபடியும்: நம் கடலிலேயே டிரைசூட்டைப் பழகிப் பார்க்கலாமா?

பழகலாம். உள்ளே மெல்லிய பருத்தி உடை மட்டும் போடுங்கள். காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுங்கள். கரையில் உடையை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், பத்து நிமிடத்தில் தலை சுற்றும். முடிந்ததும் நன்னீரில் அலசி நிழலில் காயவிடுங்கள்.